கம்பிகள் கைகோத்த கதை



பரிசளிப்பு விழா மலர் என்றால் பெரியோர்களின் வரலாற்றை எழுதுவது வழக்கம். மன்னர்கள், தலைவர்கள், புலவர்கள் என்று அந்த வரிசை நீளும். ஒரு மாறுதலுக்கு, பள்ளிக் கணினி அறையின் மூலையில் பச்சை விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய பெட்டியின் வரலாற்றை இங்கே பார்ப்போம். அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை இது. பல கணினிகளிலிருந்து வரும் கம்பிகளை வாங்கி, யாருடைய செய்தி யாருக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பி வைக்கும் பெட்டி.

அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு போர்ட். கிள்ளான் வட்டாரத்துக்காரர்களுக்குப் போர்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. போர்ட் கிள்ளானில் கப்பல் வந்து கட்டுகிற மாதிரி, இங்கே கம்பி வந்து கட்டுகிறது. கப்பல் அதிகமானால் துறைமுகத்தில் படகுத்துறையைக் கூட்டுகிறார்கள். அப்படியானால் செய்தி அதிகமாகி ஒரு கம்பி போதாமல் போனால், பக்கத்துப் போர்ட்டில் இன்னொரு கம்பியைச் செருகி இரண்டையும் சேர்த்துவிடலாமே?

கேட்பதற்கு மிக எளிய கேள்வி. ஆனால் இதற்குச் சரியான விடை கிடைக்க உலகத்து அறிஞர்கள் பல காலம் பாடுபட்டார்கள். அந்தக் கதைதான் இது. நாம் அன்றாடம் மேடையில் பேசுகிற ஒற்றுமை என்ற சொல்லுக்கு இதில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது.

தண்டவாளம் சொல்லும் முதல் பாடம்

நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம். சிலாங்கூரின் முதல் ரயில் 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடியது. சுமார் 19 மைல் தூரம். அங்கிருந்து ஆற்றைக் கடந்துதான் கிள்ளான் பட்டணத்திற்குள் போக வேண்டும். 1890-இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம் அதுவே.

இந்த ரயில் பாதைகளில் நம்மவர்களின் வியர்வை கலந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டை சுமந்து, கல் கொட்டி, தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். டிரைவர் கையில் டோக்கன் இருந்தால்தான் வண்டி நகரும். எதிரே வருகிற வண்டி அடுத்த ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு வலுவுள்ளதாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்தை அது குறைக்க முடியாது. 1995-இல் கொமுட்டர் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது மின்மயமான இரட்டைத் தண்டவாளம் கிள்ளான் வழியாகப் போர்ட் கிள்ளான் வரை கைகொடுத்தது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்றானது. பிரிக்பீல்ட்ஸில் பழைய சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோத்த இடத்திலேயே 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது.

இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தண்டவாளம் போட்டதனால் எஞ்சினுக்குப் புதிய வேகம் வந்துவிடவில்லை. ஆனால் காத்திருப்பது குறைந்தது. ஆகவே, ஒரே நாளில் அதிகம் பேர் போய்வர முடிந்தது. வேகம் வேறு, கொள்ளளவு வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வரும் சங்கதி எல்லாம் தெளிவாக விளங்கும்.

டிரங்க் கால் காலம்

பெற்றோர்களிலும் தாத்தா பாட்டிகளிலும் பலருக்கு டிரங்க் கால் நினைவிருக்கும். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ஆபரேட்டரிடம் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "லைன் கிடைக்கலைங்க, கொஞ்சம் பொறுங்க" என்று பதில் வரும். ஊருக்கும் ஊருக்கும் இடையே இருந்த கம்பிகளின் எண்ணிக்கை குறைவு என்பதுதான் அதன் பொருள். ஊர்களை இணைத்த அந்தக் கம்பிக் கட்டுக்குத்தான் டிரங்க் என்று பெயர். அதே சொல் பின்னால் கணினி உலகத்திலும் புகுந்து, போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டுவதற்குப் 'போர்ட் டிரங்கிங்' என்று பெயர் கொடுத்தது.

எத்தனை கம்பி இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டவர் ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1909-இலும் 1917-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அரிச்சுவடி. ஒரு கம்பியில் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சு ஓடினால் அதை ஓர் 'எர்லாங்' என்று அவர் பெயராலேயே அளக்கிறார்கள்.

அவர் கணக்கில் ஓர் அதிசயம் இருக்கிறது. மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஐந்து கம்பிகள் உள்ள ஒரு கட்டு இருக்கிறது. நூறு பேர் கேட்டால் ஒருவருக்கு மட்டுமே "லைன் இல்லை" என்று சொல்லலாம் என்று விதி வைத்துக்கொள்வோம். அந்த விதிப்படி அந்தக் கட்டு சுமார் 1.36 எர்லாங் பேச்சைத் தாங்கும். இப்படி இரண்டு கட்டுகள் தனித்தனியாக இருந்தால் மொத்தம் 2.72. அதே பத்துக் கம்பிகளையும் ஒரே கட்டாகச் சேர்த்து, எந்தக் கம்பி காலியாக இருந்தாலும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது 4.46 எர்லாங் தாங்கும்!

ஒரு புதுக் கம்பிகூட வாங்கவில்லை. ஒரு காசும் கூடுதலாகச் செலவில்லை. இருந்ததைப் பிரித்து வைக்காமல் சேர்த்து வைத்ததனால் மட்டும் அறுபது சதவிகிதத்திற்கும் மேல் லாபம். ஒரு கட்டில் நெருக்கடியாக இருக்கும்போது மறு கட்டில் கம்பி சும்மா கிடக்கும். பிரித்து வைத்தால் அந்தச் சும்மா கிடப்பது யாருக்கும் உதவாது. தனிமரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொன்னதற்குக் கணிதத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

ஒரே கம்பியில் எல்லாரும்

டெலிபோன் கதை இப்படி இருக்க, கணினிகள் வந்தன. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்ற இருவரும் கணினிகளை ஒரே கம்பியில் இணைக்கும் முறையை உருவாக்கினார்கள். அதற்கு ஈதர்நெட் என்று பெயர். 1983-இல் அது 802.3 என்ற எண்ணில் பொது விதியாக வெளியானது. அப்போது அதன் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட், அதாவது ஒரு கோடி பிட்.

ஆனால் அந்த ஒரு கோடியும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாய் மூடி இருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் மோதிக் கெட்டுப்போகும். பிறகு கொஞ்சம் பொறுத்து இருவரும் மறுபடி பேச வேண்டும். நாற்பது கணினிகள் ஒரே நேரத்தில் பேச வந்தால் ஒருவர் பங்குக்குக் கால் மெகாபிட் வருவதே கஷ்டம்.

இந்த நெரிசலைத் தீர்க்க வந்தது ஒரு சிறு கம்பெனி. அதன் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கல்பனா! இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் என்பவர், லாரி பிளேர் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி அது. தம் மனைவியின் பெயரையே பரத்வாஜ் அதற்குச் சூட்டினார். கல்பனா என்றால் நம் மொழியில் கற்பனை. 1990-ஐ ஒட்டி அந்தக் கம்பெனி ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உலகத்தின் முதல் பல-போர்ட் ஈதர்நெட் சுவிட்ச் அதுதான். இதில் ஒருவர் செய்தி மற்றவர் காதில் விழாது. ராமன் பேசுவது முத்துவுக்கு மட்டும் போகும். அதே நேரத்தில் மீனாட்சி பேசுவது சுலைகாவுக்குப் போகும்.

நெரிசல் தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. மாடியில் ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலுள்ள ஆறு கணினிகளும் கீழே உள்ளவர்களோடு பேச வேண்டும். ஆறு பேரும் ஆளுக்கு 10 மெகாபிட் அனுப்பினால் 60. நடுவில் இருக்கும் கம்பியோ ஒன்றே ஒன்று, 10 மெகாபிட். ஆறு சந்து வந்து சேருகிற இடத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை மாதிரி ஆகிவிட்டது.

சும்மா கிடந்த இரண்டாவது கம்பி

"சரி, நடுவில் இரண்டாவது கம்பியைப் போட்டால் தீர்ந்தது" என்று தோன்றும். போட்டால் என்ன ஆகும் தெரியுமா? மொத்த வலையமைப்பும் படுத்துவிடும்!

காரணம் இதுதான். 'எல்லாருக்கும்' என்று எழுதி ஒரு செய்தி வந்தால், சுவிட்ச் அதை வந்த வழி தவிர மற்ற எல்லா வழியிலும் அனுப்பும். மாடி சுவிட்ச் அதை இரண்டு கம்பியிலும் கீழே அனுப்பும். முதல் கம்பியில் வந்ததைக் கீழ் சுவிட்ச் இரண்டாவது கம்பி வழியாக மேலே திருப்பி அனுப்பும். மேல் சுவிட்ச் அதை மறுபடி கீழே அனுப்பும். செக்கு மாடு போல அந்தச் செய்தி சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் கணினிகள் எல்லாவற்றுக்கும் அதன் நகல் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் வேறு எந்தச் செய்திக்கும் இடம் இருக்காது. இதற்குப் 'புயல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் புயலை அடக்கியவர் ஒரு பெண்மணி. ராடியா பெர்ல்மன் என்பது அவர் பெயர். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியில் வேலை செய்தபோது, 1985-இல் அவர் ஒரு வழிமுறையை வெளியிட்டார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சுற்று உண்டாக்கும் கம்பிகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் திறந்து வைத்து மற்றதை அடைத்துவிடும். திறந்த கம்பி அறுந்தால் அடைத்ததைத் திறந்துகொள்ளும். நம் பெண் பிள்ளைகள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது. இந்த முறை இல்லாமல் பெரிய வலையமைப்புகள் வளர்ந்திருப்பது கடினம்.

ஆபத்து நீங்கியது. ஆனால் ஒரு மனக்குறை மிஞ்சியது. இரண்டு கம்பிக்கும் இரண்டு போர்ட்டுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது. வேலை செய்வதோ ஒன்று. மற்றது நல்ல உடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதை எப்படி வேலைக்கு எழுப்புவது?

கைகோத்த நாள்

இதற்கும் வழி கண்டது அதே கல்பனா கம்பெனிதான். 1990-களின் தொடக்கத்தில் ஈதர்சேனல் என்ற முறையை அது கொண்டு வந்தது. தந்திரம் மிக எளியது. இரு பக்கத்து சுவிட்சுகளும், "இந்த இரண்டு கம்பியும் இனி ஒரே கம்பி" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டபின், ஒரு கம்பியில் வந்ததை மற்றதில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பெர்ல்மன் அம்மையாரின் வழிமுறையும் இதை ஒரே கம்பியாகத்தான் பார்க்கும். சுற்று இல்லை, ஆகவே அடைப்பும் இல்லை. இரண்டும் வேலை செய்யும்.

இதன் அருமையைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து நிலைமையைப் பார்க்க வேண்டும். ஈதர்நெட் வேகம் பத்துப் பத்து மடங்காகத்தான் ஏறியது. 100 மெகாபிட் விதி 1995-இல் வந்தது. 1000 மெகாபிட் விதி 1998-இல் வந்தது. நடுவில் 20, 40, 400 என்று படிகள் கிடையாது. புதிய படிக்கு ஏற வேண்டுமானால் பெட்டியையே மாற்ற வேண்டும். விலையோ யானை விலை. கையிலிருக்கும் 100 மெகாபிட் போர்ட்டுகளில் நான்கைச் சேர்த்தால் 400 ஆகிறது. சம்பளம் ஏறும் வரை காத்திருக்காமல், வீட்டில் நாலு பேர் சம்பாத்தியத்தை ஒன்று சேர்த்துக் குடும்பம் நடத்துகிற மாதிரிதான் இதுவும்.

1994-இல் சிஸ்கோ என்ற பெரிய கம்பெனி கல்பனாவை வாங்கிக்கொண்டது. இதற்குள் மற்றக் கம்பெனிகளும் இதே வேலையைத் தத்தம் வழியில் செய்யத் தொடங்கின. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு முறை. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் பெட்டியோடு கைகோக்கத் தெரியாமல் நின்றது. இருவரும் ஒற்றுமை பேசுகிறவர்கள்தான், ஆனால் ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியவில்லை!

கடைசியில் ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பு எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 802.3ஏடி என்ற பொது விதி ஒப்புக்கொள்ளப்பட்டது. 2008-இல் அது 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணுக்கு மாறியது. இந்த விதியில் எல்.ஏ.சி.பி. என்று ஓர் உரையாடல் முறை இருக்கிறது. சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கம்பியிலும் இரு பெட்டிகளும் "நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?" என்று விநாடிக்கு ஒரு முறையோ முப்பது விநாடிக்கு ஒரு முறையோ விசாரித்துக்கொள்ளும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தக் கம்பியைக் கூட்டத்திலிருந்து விலக்கி, அதன் சுமையை மற்றவை ஏற்றுக்கொள்ளும். எலி கடித்தாலும், யாராவது கால் தடுக்கிப் பிடுங்கிவிட்டாலும், வேலை நிற்பதில்லை.

பால் ஸ்டோர் கணக்கு

சேர்ந்த கம்பிகளுக்கு இடையே வேலையை எப்படிப் பங்கு போடுகிறார்கள்? இதைத் தோட்டப்புறத்துப் பெற்றோர்கள் எஞ்சினியரைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

தீம்பாரிலிருந்து பால் வாளிகளோடு எல்லாரும் ஸ்டோருக்கு வந்துவிட்டார்கள். ஒரே நிறுவை, ஒரே கிராணி. வரிசை நீண்டு வெயிலில் நிற்கிறது. நிர்வாகம் இரண்டாவது நிறுவையும் இரண்டாவது கிராணியையும் போடுகிறது. இப்போது ஒருவருடைய முதல் வாளியை இங்கேயும் இரண்டாவது வாளியை அங்கேயும் நிறுத்தால் என்ன ஆகும்? ஒரு பேர் இரண்டு புத்தகத்தில் ஏறி, எது முந்தி எது பிந்தி என்று தெரியாமல் சம்பள நாளில் தகராறு வரும். ஆகவே நல்ல தண்டல் என்ன செய்வார்? பேர் நம்பர் ஒற்றைப்படையானால் இந்த நிறுவை, இரட்டைப்படையானால் அந்த நிறுவை என்று பிரித்துவிடுவார். ஓர் ஆளின் எல்லா வாளியும் ஒரே நிறுவையில். கணக்கு குழம்பாது.

சுவிட்சும் இதையேதான் செய்கிறது. ஒரு செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கித்தான் அனுப்புவார்கள். துண்டுகளைப் பல கம்பிகளில் வாரி இறைத்தால் பின்னால் புறப்பட்டது முன்னால் போய்ச் சேரும். ஆகவே, அனுப்புகிறவர் விலாசத்தையும் பெறுகிறவர் விலாசத்தையும் வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டு, ஓர் உரையாடலின் எல்லாத் துண்டுகளையும் ஒரே கம்பியில் அனுப்பும்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, ஒரே ஆள் ஒரே பெரிய பொருளை அனுப்பினால், நாலு கம்பி சேர்ந்திருந்தாலும் அவருக்கு ஒரு கம்பி வேகம்தான் கிடைக்கும். நாலு பேர் அனுப்பும்போதுதான் நாலு கம்பியின் பலன் தெரியும். இரண்டாவது, எல்லார் நம்பரும் தற்செயலாக ஒற்றைப்படையாக அமைந்துவிட்டால் ஒரு நிறுவையில் கூட்டமும் மறு நிறுவையில் ஈயும்தான் இருக்கும். அந்தக் காலத்து டிரங்க் ஆபரேட்டர் காலியான கம்பியைப் பார்த்துக் கொடுத்தார். சுவிட்ச் பெரும்பாலும் அப்படிப் பார்ப்பதில்லை, விலாசத்தைத்தான் பார்க்கிறது. எர்லாங் கண்ட லாபம் முழுசாகக் கைக்கு வராததற்கு இதுவே காரணம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு கூட்டத்தில் சேருகிற கம்பிகள் எல்லாம் ஒரே வேகத்தில் இயங்க வேண்டும். இளங்காளையையும் கிழக் காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி நேராகப் போகாது அல்லவா?

நம் நாட்டுக்கு வந்த பாதை

1985-இல் அரசாங்கம் மிமோஸ் என்ற ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. அதன் ஜாரிங் என்ற வலையமைப்பு 1992-இல் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவோடு இணைந்தது. அந்த இணைப்பின் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள ஒரே ஒரு புகைப்படம் அந்தப் பாதை முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டாலும் வந்து சேர 125 விநாடி ஆகும், இரண்டு நிமிடத்துக்கு மேல்! இன்று ஒரு மாணவன் கையிலிருக்கும் கைப்பேசி அதைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில் படம் பார்க்கிறது. நாட்டுக்கு இணையக் கதவைத் திறந்த ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது. ஆனாலும் அதன் தொண்டு வரலாற்றில் நிற்கும்.

1997-இல் சைபர்ஜெயா தொடங்கப்பட்டது. 2006-இல் மலேசிய இணையப் பரிமாற்ற நிலையம் உண்டானது. மை.ஐ.எக்ஸ். என்று அதைச் சொல்வார்கள். ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தி, வெளிநாடு போய்ச் சுற்றி வராமல் உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பும் கடிதம் சீமை போய் வருவானேன்?

இப்படிப்பட்ட பரிமாற்ற நிலையங்களிலும் பெரிய கணினிக் கூடங்களிலும் ஒற்றைக் கம்பியில் காலம் தள்ள முடியாது. ஒரு போர்ட் நிரம்பினால் இரண்டு, இரண்டு நிரம்பினால் நான்கு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். அன்று 10 மெகாபிட் கம்பிகளைக் கட்டினார்கள், இன்று 10 கிகாபிட், 100 கிகாபிட் கம்பிகளைக் கட்டுகிறார்கள். அளவுதான் மாறியது, கைகோக்கும் முறை அதேதான்.

எட்டாத இடம்

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். போர்ட்டுகளைச் சேர்ப்பது, சேர்த்த அந்த இரு பெட்டிகளுக்கு நடுவில் உள்ள பாதையை மட்டும்தான் அகலமாக்கும். அதற்கு அப்பால் உள்ள சந்து குறுகலாக இருந்தால் அது குறுகலாகவே இருக்கும்.

இதை நாம் 2020-இல் கண்ணால் கண்டோம். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடின. பாடம் எல்லாம் இணையத்துக்குப் போயிற்று. பட்டணத்துக் கணினிக் கூடங்களில் கம்பிகள் கட்டுக்கட்டாகக் கைகோத்து நின்றன. ஆனால் தோட்டப்புறங்களிலும் புறம்போக்குகளிலும் எத்தனையோ வீடுகளில் அப்பாவின் ஒரே கைப்பேசியை அண்ணன், தம்பி, தங்கை மூவரும் முறைபோட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வேலைக்குப் போனால் பாடமும் கூடவே போய்விடும். சிக்னல் தேடி மேட்டுக்கும் ரோட்டு முனைக்கும் நடந்த பிள்ளைகளும் உண்டு. நடுவில் நாலு வழிச் சாலை, வீட்டு வாசலில் ஒற்றையடிப் பாதை! நெடுஞ்சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்த வாசலுக்கு அது வந்து சேராது.

ஆகவே பள்ளிக்கு இணைய வசதி செய்வதைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பேசும்போது, "எத்தனை மெகாபிட்?" என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. எந்த இடத்தில் நெரிசல்? பள்ளிக்குள்ளேயா, பள்ளிக்கு வருகிற வெளிக் கம்பியிலா, பிள்ளைகளின் வீட்டிலா? இதை முதலில் கேளுங்கள். வெளிக் கம்பி குறுகலாக இருக்கும்போது உள்ளே போர்ட்டுகளைக் கட்டினால் காசுதான் கரையும். உள்ளேதான் நெரிசல் என்றால், வாங்கப்போகும் பெட்டி பொது விதிப்படி கைகோக்கத் தெரிந்ததா என்று கேளுங்கள். அது தெரியாத பெட்டியை வாங்கினால், நாளைக்கு வேறு கம்பெனிப் பெட்டியோடு சேராமல் அது தனித்து நிற்கும். இதைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பால் ஸ்டோரில் நிறுவை சரியா என்று தட்டிக் கேட்ட துணிச்சல் இருந்தால் போதும்.

மாணவச் செல்வங்களுக்கு

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் வருகிறவர்களைப் பாருங்கள். எர்லாங் கணக்குப் போட்டார். பெர்ல்மன் ஆபத்தை அடக்கினார். கல்பனா கம்பெனி சும்மா கிடந்ததை வேலைக்கு எழுப்பியது. பெயர் அதிகம் வெளியே தெரியாத பல பொறியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பொது விதி எழுதினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். யாரும் முந்தினவர் வேலையை அழிக்கவில்லை.

சேர்ந்து நில்லுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. சும்மா சேர்ந்தால் புயல்தான் வரும் என்று அந்த இரண்டு கம்பிகளே காட்டிவிட்டன. எதற்காகச் சேருகிறோம், யார் எந்தச் சுமையை எடுப்பது, ஒருவர் விழுந்தால் யார் தாங்குவது என்பதை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டு சேர வேண்டும். ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை கணினி அறைக்குப் போகும்போது அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பச்சை விளக்கு ஒரே தாளத்தில் இல்லாமல் தனித்தனியாக மின்னிக்கொண்டிருந்தால், ஒருவேளை அங்கே இரண்டு கம்பிகள் ஒரே கம்பியாக வேலை செய்துகொண்டிருக்கலாம். ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். உங்களில் ஒருவர் நாளைக்கு இந்தத் துறையில் பெயர் எடுத்து, தோட்டத்து வாசல் வரைக்கும் அந்த அகலப் பாதையைக் கொண்டு வந்து சேர்த்தால், அதைவிடப் பெரிய பரிசு இந்தப் பள்ளிக்கு வேண்டியதில்லை.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!